விடைத்தாளில் ஒரு சாட்சியம்

லெப்பைக்குடிக்காட்டில் உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளையொருவன் தன் கட்டுரை ஏட்டை நம்மிடம் காட்டினான். ‘செய்தித்தாளின் பயன்கள்’ என்பது தலைப்பு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என எல்லாம் ஒழுங்காக அமைந்திருந்தன. எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. ‘நாளேடுகள் நடந்ததை நடந்தவாறே மக்களுக்கு எடுத்துரைக்கின்றன’ என்ற தொடரில் நம் கண் நின்றது. “இதை நீ நம்புகிறாயா, தம்பி?” என்று கேட்டோம். அவன் சிரித்துவிட்டான்.

“பெரியத்தா, இது பரீட்சைக்கு எழுதுறது” என்றான்.

அவனிடத்தில் குற்றம் காண நாம் முற்படவில்லை. நாமும் அவ்வயதில் அவ்வாறே எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம். ஆயினும் அச்சிரிப்பு நம்முடனேயே ஊர் வரை வந்தது. தான் நம்பாத ஒன்றைத் தன் கையெழுத்தால், தன் பதிவெண்ணின் கீழ், நேர்மையானதொரு கூற்றைப் போல ஒருவன் எழுதினால் அது பொய்யாகுமா, ஆகாதா? வினா சிறியதுதான். ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் அதற்குத் தம் கையாலேயே விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியப் பெருமக்கள் கூறும் சமாதானத்தை முதலில் கேட்போம். கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். அது மாணவனின் மொழித்திறனைச் சோதிப்பதற்கே அன்றி, அவன் உள்ளத்தைச் சோதிப்பதற்கன்று. தச்சனிடம் தொழில் பழகும் சிறுவன் முதலில் செய்யும் முக்காலியில் எவரும் அமரப்போவதில்லை. கை பழக வேண்டும் என்பதற்காகவே செய்கிறான். மேலும், வயற்காட்டில் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தைக்கு அந்த எட்டு மதிப்பெண் எளிய பொருளன்று. இவ்வாதத்தில் பெரும்பகுதியை நாம் ஒப்புக்கொள்கிறோம். எழுத்துக்கு வடிவம் வேண்டும். வடிவம் பயிற்சியால்தான் வரும். ஆனால் ஒன்று: முக்காலி பொய் சொல்வதில்லை. சொற்களைக் கொண்டு பழகும் கையோ, சொல்லுக்கும் நெஞ்சுக்கும் இடையே இருக்க வேண்டிய உறவையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது, அல்லது இழந்துவிடுகிறது.

செய்தியைப் பற்றி நம் மார்க்கம் கொண்டுள்ள கவலை மிகப் பெரிது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதிருக்க அதனைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துரைப்பதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்தமைந்த நபிமொழியை, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் முகவுரையிலேயே வைத்தார்கள். ஒரு சொல் யார் வாயிலிருந்து யார் செவிக்கு வந்தது, அவர் நினைவாற்றல் எத்தகையது, இவர் அவரைச் சந்தித்தது உண்டா என்று சங்கிலிக் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த அறிஞர்களின் வழிவந்தது நம் சமுதாயம். நபிமொழி தேடிச் சென்ற இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், வெறுமையான மடியைக் காட்டிக் குதிரையை ஏமாற்றி அழைத்தவனிடம் ஹதீஸ் கேளாமலே திரும்பிவிட்டார்கள் என்றொரு கதையை மேடைதோறும் கேட்கிறோம். அக்கதைக்கே உறுதியான சான்றுத் தொடர் உண்டா என்று கேட்போரும் உளர்! அவ்வாறு கேட்பதே அந்த இமாமுக்குச் செய்யும் மரியாதை என்பது நம் எண்ணம்.

பத்திரிகையின் மேல் நமக்குப் பகையில்லை. 1882-இல் இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கியபோதே, செய்தித்தாளைச் சமுதாயக் கல்வியின் கருவியாகக் கண்டவர்கள் நாம். ஆகவேதான் பிள்ளை எழுதிய அந்தத் தொடர் நமக்கு உறுத்துகிறது.

அவன் ஊரிலிருந்து வெகு தொலைவில் இல்லாத குன்னத்தில் 2020 அக்டோபரில் நடந்தது நினைவிருக்கலாம். மண் தோண்டிய இடத்தில் முட்டை வடிவில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் கிடைத்துவிட்டன என்ற செய்தி கைப்பேசிகள் வழியே நாடெங்கும் பரவிற்று. துறையறிந்தோர் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் பழங்கால கடல் உயிரிகளைச் சார்ந்து உருவான படிவக் கற்கள் என்று கூறினர். பரப்பியவர்கள் மூடர்கள் அல்லர். 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செந்துறை வட்டாரத்தில் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாக அறிவித்திருந்தனர். முன்பு கிடைத்தது, ஆகவே இப்போதும் அதுவே என்று மனம் தாவியது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது என்ற மெய்யான வியப்பு, பொய்யான வியப்பின் அடியில் புதைந்துபோயிற்று. நம் பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, அச்செய்தியைத் தானும் நாலைந்து பேருக்கு அனுப்பியதாக ஒப்புக்கொண்டான். ஆனால் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதனினும் துயரமான மற்றொன்றும் அவன் கட்டுரையில் இல்லை. 1956 நவம்பர் 23 அன்று, பெருமழையின் வெள்ளத்தில் அரியலூரையடுத்த மருதையாற்றுப் பாலம் சிதைய, தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே பதவி விலக முன்வந்து தடுக்கப்பட்டிருந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே தீர்ந்தார். நேரு அதனை ஏற்றது, விபத்துக்கு அவர் காரணர் என்பதற்காக அன்று. பொறுப்புக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காக. ஓர் ஆற்றங்கரையின் அழுகுரல் தில்லி வரை கேட்டதில் நாளேடுகளுக்குப் பங்குண்டு. ஆனால் அதே துயரம், அடுத்த ஆண்டுத் தேர்தலில், துணை அமைச்சராயிருந்த அழகேசனின் பெயரை அரியலூரோடு பிணைத்து எதுகை மோனையுடன் ஒரு முழக்கமாயிற்று. மாண்டவர்களின் பெயர் மறந்தது; முழக்கத்தை மட்டும் இன்றும் முதியோர் சொல்லிக் காட்டுகின்றனர். செய்தி ஒருவரின் மனச்சான்றையும் தட்டியது, மேடைக்குக் கைதட்டலும் தேடித் தந்தது. செய்தியின் இவ்விரு முகங்களையும் ஒரு பிள்ளை தன் மாவட்டத்தை விட்டு வெளியே போகாமலேயே எழுதியிருக்க முடியும்.

‘கலைகளின் சிறப்பு’ என்ற மற்றொரு கட்டுரையும் ஏட்டில் இருந்தது. இங்கே சிக்கல் இன்னும் ஆழமானது. இசையும் சிற்பமும் மனத்தைப் பண்படுத்தும் என்று அவன் ஏட்டில் எழுதுகிறான். அவ்வில்லத்திலோ இசைக்கருவிக்கு இடமில்லை, உருவச் சிலைக்கும் இடமில்லை. பள்ளியில் ஒரு நாக்கு, வீட்டில் ஒரு நாக்கு. இரண்டையும் ஒன்றோடொன்று பேசவிட அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி ஐந்து வரிகள் எழுதியிருந்தான். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அக்கோயிலை நேரில் பார்த்ததுண்டா என்றால், இல்லை. ரஞ்சன்குடிக் கோட்டையை மட்டும் பார்த்திருக்கிறான். அதன் மதில் மேல் நின்றபோது காற்று காதில் கூவியதைக் கண் அகல விவரித்தான். அதைக் கட்டுரையில் ஏன் எழுதவில்லை என்றோம். ‘அது நோட்ஸில் இல்லையே’ என்றான்.

இதில் பழி யாருக்கு? பிள்ளைக்கு அன்று என்பது நம் துணிபு. ‘நன்மைகளை விளக்குக’ என்று கேட்கும் வினாத்தாளுக்குத்தான் பெரும்பங்கு. வழக்கு மன்றத்தில்கூடச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்; இங்கே ஒருபக்கச் சாட்சியம் மட்டுமே கேட்கப்படுகிறது. எஞ்சிய பங்கு நமக்கும் உண்டு. எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் நாம், எழுதியதில் எது உன்னுடையது என்று ஒருநாளும் கேட்பதில்லை. வீட்டார் ஏற்காத ஒரு கலையைப் பற்றி, ‘என் இல்லத்தில் இது வழக்கமில்லை; ஆயினும் கல்லில் உழைத்த கைகளை எண்ணி வியக்கிறேன்’ என்று ஒரு பிள்ளை எழுதுவானாயின், அவன் மார்க்கத்துக்கும் துரோகம் செய்யவில்லை, தமிழுக்கும் துரோகம் செய்யவில்லை.

விடைபெறும்முன் அவனை அமர்த்தி, செய்தித்தாள் கட்டுரையை மருதையாற்றையும் குன்னத்தையும் வைத்து மீண்டும் எழுதச் சொன்னோம். முக்கால் மணி நேரம் எழுதினான். இருமுறை அடித்துத் திருத்தினான். முன்னதைவிடக் கையெழுத்து மோசம். ‘நடந்தவாறே’ என்ற சொல்லை அவனாகவே நீக்கி, ‘நடந்ததை அறிய உதவுகின்றன, சில வேளைகளில் மறைக்கவும் செய்கின்றன’ என்று மாற்றியிருந்தான்.

“பெரியத்தா, இப்படி எழுதினா எட்டுக்கு எட்டு போடுவாங்களா?” என்று கேட்டான்.

திருத்துபவர் யாரோ, எவ்வளவு களைப்பில் இருப்பாரோ, நாம் அறியோம். ஆறு வரலாம் என்றோம். ஏட்டை மூடிவைத்துச் சற்று நேரம் யோசித்தான். அவன் எதை எழுதப் போகிறான் என்று நாம் கேட்கவில்லை. அவன் அத்தா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.