கிணற்றுச் சுவரில் ஒரு கோடு

வேப்பந்தட்டையில் எங்கள் காட்டுக் கிணறு தாத்தா வெட்டியது. அதன் பாறைச் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கறை, ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் தண்ணீர் நின்ற மட்டம். மேலே இருக்கும் ஒரு கறையளவு தண்ணீரில்தான், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நான் நீச்சல் பழகினேன். அதைக் காட்டி, “இதுவரைக்கும் தண்ணி நின்னுச்சுடா” என்றேன் மகனிடம். அவன் நம்பவில்லை. சுற்றிலும் போர் இறங்க இறங்க எங்கள் ஊற்று சுருங்கிவிட்டது. அவனுக்குத் தெரிந்தது, அரை மணி நேரத்தில் மோட்டார் காற்று வாங்கும் கிணறு.

அவன் முகத்தைப் பார்த்தபோது கிளிமஞ்சாரோவை நினைத்துக்கொண்டேன். தான்சானியாவில், நிலநடுக்கோட்டை ஒட்டி 5,895 மீட்டர் உயரத்தில் நிற்கும் எரிமலை. அதன் உச்சியில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பனி. 1912இல் அளந்து வரைபடம் போட்டபோது அது ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் இருந்தது. 2011இல் இரண்டுக்கும் குறைவு. எல்லாம் உருகி ஓடிவிடவில்லை. உச்சியின் வறண்ட குளிர்காற்றில், வெயில் பட்ட பனி நீராகாமலே ஆவியாகிவிடுகிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து போகும் ஈரம்தான் அங்கே பனியாக விழ வேண்டும். போன பனியை ஈடுகட்டும் அளவுக்கு அது விழுவதில்லை. வரவு சுருங்கி, செலவு நிற்காத வீட்டின் கதைதான்.

1912இல் அளந்து வைத்ததால்தான் இந்த இழப்பின் அளவு நமக்குத் தெரிகிறது. அந்த வரைபடம் இல்லாவிட்டால், இன்று மலையேறிப் போகிறவர் மிச்சப் பனியைப் பார்த்து, “எவ்வளவு பனி!” என்று வியந்து திரும்பியிருப்பார்.

மெல்லக் குறைவது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் கண்டதையே நிறைவு என்று எடுத்துக்கொள்கிறது. பச்சைமலையிலிருந்து இறங்கும் ஓடைகளையும் நம் ஏரிகளையும் அப்படித்தான் பார்த்துப் பழகினோம். நான் நீந்திய தண்ணீரே தாத்தாவின் கண்ணுக்குக் குறைவாகப் பட்டிருக்கலாம். அவர் எங்கும் குறித்துவைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன சித்திரையில் கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீர் நின்ற இடத்தில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டோம். பக்கத்தில் வருடத்தை மகன் எழுதினான். இனி ஒவ்வொரு சித்திரையிலும் எழுதுவான்.

குறைகிறது என்று தெரிந்தால்தான் இறைப்பதில் கை அடங்கும். மழைநீரைத் தேக்கி நிறுத்த மனம் வரும். வருகிற சித்திரையில் உங்கள் கிணற்றிலும் ஒரு கோடு போடுங்கள். பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள்.