வழியோரத்து விருந்து

பசித்தவர்க்கு உணவிடுதல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், உண்ண வருபவர் இறக்கத்தக்க இடத்திலே அவ்வுணவை வைத்தல் அறமாகுமோ? இவ்வினா வீண் தருக்கமன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் ஒரு முயற்சி இதனை நம்முன் நிறுத்துகின்றது.

அங்கே மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்தை மெக்சிக்கோவின் மலைக்காடுகளிற் கழித்து, இளவேனிலில் வடக்கு நோக்கிப் பறந்து, தலைமுறை தலைமுறையாய் முட்டையிட்டுச் செல்லும். அதன் புழு உண்பது நம்மூர் எருக்கின் குடும்பத்தவாகிய பாற்செடிகளின் இலையையே. 1990களின் பிற்பகுதி தொட்டுக் களைநாசினியைத் தாங்கும் சோயாவும் சோளமும் பரவினமையால், வயல்களில் நின்ற அச்செடிகள் பெரிதும் அழிந்தன. அவற்றிற்கு எஞ்சிய இடங்களுள் ஒன்று வழியோரம். ஆதலின், 2016 இல் டெக்சாஸ் முதல் மினசோட்டா வரையுள்ள ஆறு மாநிலங்கள், 35 ஆம் எண் நெடுஞ்சாலையின் மருங்கே பாற்செடியும் தேன்மலர்ச் செடியும் பேணுதற்கு உடன்பட்டன.

மலரை நாடி வருவனவற்றுட் சில விரையும் வண்டிகளில் மோதி இறக்குமே. இதனினும் கொடாமை நன்றன்றோ எனின், அன்று. கொடாதொழியினும் பூச்சிகள் அவ்வழியைக் கடந்தே செல்லும். அப்போது ஆபத்தோடு பசியும் சேரும். எனினும், இவ்விடையால் நம் கடன் தீர்ந்ததென்று கொள்ளலாகாது. நாம் வைத்த மலரைக் கண்டே வந்து இறந்த உயிர்க்கு நாமே பொறுப்பாவோம். விருந்தை அழைத்தவன் விருந்தின் காவலனும் ஆதல் வேண்டும். வண்டியோடும் தளத்தை ஒட்டிய புல்லைக் குறுக அரிந்து பூஞ்செடிகளை அப்பால் வளர்த்தலும், முட்டையும் புழுவும் உள்ள காலத்தே அரியாதிருத்தலும், கண்டபடி நஞ்சு தெளியாமையும் அக்காவலின் பகுதிகளாம். அயோவா மாநிலச் சட்டம், சில விலக்குகளோடு, சூலை 15 இற்கு முன் நெடுஞ்சாலை ஓரங்களை அரிதலைத் தடுக்கின்றது. விதைத்தல் ஒருநாட் செயல். காத்தலோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய அறம்.

ஆசிரியராகிய நமக்கும் இதிலே பாடம் உண்டு. யாம் பல்லாண்டுகளாக மாணாக்கரைக் கொண்டு பாடசாலை வேலியோரத்தைச் செருக்குவித்து, வெறுநிலங்கண்டு துப்புரவென மகிழ்ந்தோம். ஒருநாள் ஒரு சிறுவன் மண்வெட்டியை நிறுத்தி, எருக்கிலையின் கீழ் ஊர்ந்த வரிப்புழு ஒன்றைக் காட்டி, "இதையும் வெட்டவோ, ஐயா?" என்று வினாவினான். அது மொனார்க்கிற்கு இனமான நம்மூர் வண்ணத்துப்பூச்சியின் புழு. யாம் துப்புரவு என்றது அதற்கு ஊணின்மையே அன்றோ! அன்று தொட்டு அவ்வேலியின் ஒரு பகுதியை வெட்டாது விடுகின்றோம். விடுதற்குக் காரணத்தையும் மாணாக்கர்க்கு உரைத்து வருகின்றோம். அன்பர்களும் தத்தம் பாடசாலையில், வெட்டுமுன் ஒருமுறை குனிந்து நோக்குவார்களாக.