போர்க்காலத்தில் நீதி காத்திருக்கலாமோ?

அமைதி வந்த பின்னரே நீதி வர வேண்டும் என்பார் பலர். முதலில் பகைவனை ஓட்டுவோம், சமத்துவத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்பது தலைவர்கள் எக்காலத்தும் சொல்லும் சமாதானம். அது மெய்தானா என்று ஆராய்வதற்கு வடகிழக்குச் சிரியாவின் குர்து மக்கள் வரலாறு பெரிதும் துணை செய்கின்றது. அன்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

1962-ஆம் ஆண்டு ஹசக்கே மாகாணத்தில் ஒரே நாளில் குடிக்கணக்கு எடுத்தனர். அதன் விளைவாக ஏறத்தாழ 1,20,000 குர்துகள் பிறந்த மண்ணிலேயே குடியுரிமை இழந்து அந்நியராயினர். அவர்தம் பிள்ளைகளையும் அக்குறை தொடர்ந்தது. 1970-களில் எல்லையோர நிலங்களில் அரபுக் குடும்பங்களை அரசு குடியேற்றியது. அவர்களும் பாவம், யூப்ரடீஸ் அணைநீரில் சொந்த ஊரை இழந்தவர்கள்.

2012 ஜூலையில் அரசுப்படைகள் பல ஊர்களை விட்டு விலக, அதிகாரம் குர்துக் கட்சியொன்றின் கைக்கு வந்தது. பழிதீர்க்க ஏற்ற வேளை அது. ஆயினும் 2014 ஜனவரியில் அஃப்ரின், ஜசீரா, கொபானி என்னும் மூன்று பகுதிகளில் தன்னாட்சி அறிவித்தபோது, குர்துகளுக்கு மட்டும் ஒரு நாடு என்று அவர்கள் சொன்னாரில்லை. ஜசீராவில் குர்து, அரபு, சுரியானி மூன்றும் ஆட்சிமொழிகளாயின. பேரவையில் ஆணாயினும் பெண்ணாயினும் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையலாகாது என்று சாசனம் விதித்தது. சபைதோறும் தலைமை நாற்காலி இரண்டு: ஒன்றில் ஆண், மற்றொன்றில் பெண். தெருவளவில் அமைந்த சிறு சபைகள் ரொட்டியும் டீசலும் பங்கிட்டன, அண்டைவீட்டார் வழக்கைத் தீர்த்தன. பங்கீட்டு வேலை எளிதன்று. சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போட்டுப் பழகிய நமக்கு இது தெரியும். தீர்மானத்திற்குக் கை தூக்குவோர் பலர், எண்ணெய் அளந்து ஊற்ற நிற்பவர் சிலர்.

இவையெல்லாம் அமைதிக்காலத்தில் நடந்தவை அல்ல. அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஐ.எஸ். படையினர் கொபானியை முற்றுகையிட்டனர். 2015 ஜனவரியில் அந்நகரை மீட்ட படையில் பெண்களும் துப்பாக்கி ஏந்தி நின்றனர். ஆகவே, போர்க்காலத்தில் சமத்துவம் இயலாது என்னும் வாதம் இங்கே பொய்த்தது.

ஆனால் புகழ்ந்து மட்டும் எழுதுவது நமக்கு முறையன்று. 2013 ஜூனில் அமுதா நகரில் ஆர்ப்பாட்டம் செய்தோர்மீது அவர்தம் படையினரே சுட்டனர், உயிர்கள் மாய்ந்தன. சில அரபு ஊர்களில் வீடுகளை இடித்தனர் என்று 2015-இல் அம்னெஸ்டி நிறுவனம் குற்றஞ்சாட்டியது. கட்டாயப் படைச்சேர்ப்பும் இருந்தது. 2024-இல் அறிவித்த நகராட்சித் தேர்தலை ஒத்திவைத்தனர். இவற்றுக்கு அவர்கள் சொன்ன காரணங்களைக் கூர்ந்து நோக்கின், பழைய சமாதானமே வேறு வடிவில் தெரிகின்றது: இது இடர்க்காலம், பிறகு பார்ப்போம்!

எங்கே ஒத்திவைத்தார்களோ அங்கேயே கட்டடம் விரிந்தது என்பது நம் கருத்து. பின்னாளில் அவர்கள் ஆட்சிக்குட்பட்ட ரக்கா, தெய்ர் எஸ்ஸோர் பகுதிகளில் அரபுகளுக்கு நாற்காலி இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்று முடிவு செய்தவர் பெரும்பாலும் வேறொருவர். 2023 ஆகஸ்டில் தெய்ர் எஸ்ஸோரில் அரபுக் குலத்தார் எதிர்த்தெழுந்தனர். 2026 ஜனவரியில் டமாஸ்கஸ் படை முன்னேறியபோது பலர் அதன் பக்கம் சாய, அவ்விரு பகுதிகளும் சில நாட்களில் கைமாறின. படைவலிமை, அயல்நாட்டார் கைவிட்டமை ஆகியனவும் காரணமே. துருக்கியிடம் 2018-இல் அஃப்ரினை இழந்ததற்கு அவர்கள் சபைகளின் குறை காரணமன்று. இதை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது.

அதே ஜனவரித் திங்களில் சிரியாவின் தலைவர் அகமது அல்-ஷரா ஓர் ஆணை பிறப்பித்தார். 1962-ஆம் ஆண்டுக் கணக்கின் விளைவுகளை அது நீக்கியது. குர்து மொழியையும் ஏற்றது. குடியுரிமை பெறாமல் எஞ்சியிருந்தோர்க்கும் அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வழி பிறந்தது. பெண்களின் இரண்டாம் நாற்காலியைப் பற்றி அவ்வாணையில் ஒரு சொல்லும் இல்லை.