மிச்சத் தாளில் துக்கம் கேட்பது

சீடன்: ஐயா, சாவு வீட்டுக்கு அனுப்பும் இரங்கல் அட்டையை மிச்சத் தாளில் செய்யச் சொல்கிறீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. பந்தியில் மீந்ததை விருந்தாளிக்கு வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இறந்தவர் பெயரைத் தாங்கும் தாள் மட்டும் ஓரம் வெட்டிப் போட்ட துண்டாக இருக்கலாமா? சுங்கைப்பட்டாணிக்குப் போனால் நாலு காசு கொடுத்து நல்ல அட்டையாக வாங்கிவிடலாமே.

குரு: வாய் வைத்து மீந்தது எச்சில், தம்பி. அச்சகத்தில் அளவுக்கு வெட்டும்போது விழுகிற துண்டில் யார் வாயும் படவில்லை. கடையில் விற்கும் அட்டையும் அதே தாளில் வெட்டியதாக இருக்கலாம். உன்னை உறுத்துவது அதற்கு விலை இல்லாததுதான். சரி, துக்கம் கேட்பதற்கு நம் ஆட்கள் எதை விலையாகக் கொடுத்தார்கள் என்று பார்ப்போம். தீம்பாரில், அதாவது ரப்பர் தோட்டத்தில், விடியுமுன் பெரட்டு என்று ஆள் கணக்கெடுப்பார்கள். பெரட்டில் பேர் விழாதவனுக்கு அன்றைய சம்பளம் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு என்றால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்கும் செலவழித்துப் போனார்கள். போய் என்ன செய்தார்கள்? பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. கிளம்பும்போது 'போய் வருகிறேன்' என்றுகூடச் சொல்லவில்லை. கோடி போடும் முறை உள்ளவர் துணி கொண்டுவந்தார், மற்றவர் வெறுங்கையோடு வந்தார், யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் கொடுத்தது அந்த ஒரு நாளைத்தான். அப்படி ஆள் வந்து உட்காருவதில்தான் ஒரு சாவு ஊரறிந்த சாவாகிறது. 1942, 43இல் சயாம் ரயில் பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்களின் வீடுகள் பலவற்றுக்குச் சாவுச் செய்தியே வரவில்லை. செய்தி இல்லாத வீட்டில் யார் போய்த் துக்கம் கேட்பது? தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருக்கும் நிலையை நினைத்துப் பார். ஆகவே துக்கம் கேட்பதற்கான நாணயம் நேரம்தான் என்கிறேன். ஆள் போக முடியாத இடத்துக்கு அட்டை போகிறது. அதுவும் அந்த நாணயத்திலேயே செலுத்தட்டும்.

சீடன்: பணத்தை இவ்வளவு எளிதாக ஒதுக்க முடியுமா? இங்கே பாக்கார் ஆராங்கில் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தில் சாவு என்றால் வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுக்கிறோம். நம் வீடுகளிலும் செலவுக்குக் கைகொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் பாடை கட்டலாம். தாள் துண்டால் என்ன ஆகும்?

குரு: பணம் கொடுக்க வேண்டும், அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த வெள்ளை உறையிலும் தொகை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள். இரட்டைப்படை நல்ல காரியத்துக்கு. இழப்பு அங்கே கணக்கின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. சாவுப் பணம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறும். கொடுத்தவர் வீட்டில் ஒன்று நடந்தால் திரும்பிப் போகும். அது கடன், நல்ல கடன். இல்லாதவர்களின் அடக்கம் கௌரவமாக நடப்பது அதனால்தான். திருப்பிக் கொடுத்ததும் கணக்கு முடிந்துவிடும். எனக்காக ஒருவர் உட்கார்ந்த மாலைப்பொழுதை எந்த நோட்டில் எழுதுவாய்? பணம் உறையில் போகட்டும். அட்டையும் தன் விலையைக் காட்டிக்கொண்டு நின்றால் இரண்டும் குழம்பிவிடும். இன்னொன்று, கடை அட்டையில் வாக்கியத்தை வேறு யாரோ முடித்துவைத்திருக்கிறார்கள். அனுப்புகிறவருக்கு மிஞ்சுவது கையெழுத்து மட்டுமே.

சீடன்: இங்கேதான் உங்களைப் பிடிக்கிறேன். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோனது தமிழ் நேசன் பத்திரிகை. அத்தனை ஆண்டுகளில் அதில் வந்த கண்ணீர் அஞ்சலிகளில் படமும் பெயரும் மாறும், சொற்கள் பெரும்பாலும் அதேதான். அந்தக் குடும்பங்களின் அழுகை பொய்யா? ஒப்பாரிகூட வழிவழியாக வந்த வரிகள்தானே?

குரு: சரியான இடத்தில் அடித்தாய். ஆயத்தச் சொல் பொய் என்று நான் சொன்னால் ஒப்பாரியே பொய்யாகிவிடும். அதனால் சொல்ல மாட்டேன். ஒப்பாரி வைக்கிறவள் எல்லாவற்றையும் புதிதாகப் படைப்பதில்லை. நாலு சாவில் கேட்ட வரிகள் அவள் நெஞ்சில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. மகள் அழும்போது ஒன்றை எடுக்கிறாள், மனைவி அழும்போது வேறொன்றை. நடுவில் செத்தவரின் முறை, அவர் வெட்டிய பால் மரம், அவர் வராமல் போன தீபாவளி என்று செருகுகிறாள். தாய்க்குப் பொருந்திய வரி வாலிப மகனுக்குப் பொருந்தாது, அதை நாக்கு நுனியிலேயே தள்ளிவிடுவாள். துண்டுகள் பொதுச் சொத்து. எடுப்பதும் தள்ளுவதும் மட்டும் அந்த ஒருவருக்காக. மிச்சத் தாள் அட்டைக்கு ஒப்பாரியைவிட நெருங்கிய சொந்தம் எனக்குத் தெரியவில்லை. அச்சடித்த அட்டை, ஒலிபெருக்கியில் ஓடவிட்ட ஒப்பாரி மாதிரி. வரி சரியாகத்தான் இருக்கும்.

சீடன்: ஒப்புக்கொள்கிறேன் என்று வையுங்கள். கையால் செய்தது 'என் திறமையைப் பார்' என்று நிற்காதா? இன்னொன்று, பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்குக் கத்தரிக்கோலும் பசையும் எடுக்க ஏது தெம்பு?

குரு: முதலாவது நீ கேட்டதிலேயே கனமான கேள்வி, எனக்கு அதற்கு முழு விடை இல்லை. பிரித்தவர் 'எவ்வளவு அழகு' என்றால் அந்த அட்டை தோற்றது. ஜப்பானியர் இரங்கல் உறையில் பெயரை வெளிறிய மையால் எழுதுவார்கள், கண்ணீர் விழுந்து மை கரைந்த மாதிரி. அங்கே நல்ல கறுப்பு மைக்குப் பஞ்சமா? வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறார்கள். நீயும் குறைத்துக்கொள். மினுக்கும் தாள் வேண்டாம். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் துண்டு எவ்வளவு அருமையாக இருந்தாலும் வேண்டாம். பழுப்புத் தாள், நாட்காட்டியின் பின்பக்கம், உறையின் உள்பக்கத்துச் சாம்பல் கோடுகள் போதும். இரண்டாவதற்கு விடை எளிது. ஒரு மடிப்பு, ஒரு பட்டை, இரண்டு வரி; அரை மணி நேரம். அதுவும் இல்லையென்றால் போன் போட்டுப் பேசு, அதுவும் நேரம்தான். விளக்குப் படத்தை ஒரே தட்டலில் நாற்பது குழுவுக்குத் தள்ளுவதில் பொய் இல்லை, செலவும் இல்லை. இவை எல்லாமே போக முடியாதவருக்குத்தான். போக முடிந்தவர் போய்விட வேண்டும்.

சீடன்: கருமாதிக் கடிதத்தையே படித்ததும் கிழித்துப் போடுகிறோம், வீட்டுக்குள் வைப்பதில்லை. இதையும் கிழித்துவிட்டால் பாடெல்லாம் வீண்தானே?

குரு: கருமாதிக் கடிதம் சாவு வீட்டிலிருந்து வெளியே போவது. இது வெளியிலிருந்து உள்ளே வருவது, அந்தத் தீட்டு இதற்கு இல்லை. இருந்தும் கிழித்தால் கிழிக்கட்டும். தங்க எழுத்து அட்டை என்றால் எறியவும் மனம் வராது, வைக்கவும் வராது, அலமாரியில் கிடந்து அவர்களை உறுத்தும். எறிய இருந்த தாளில் செய்ததை எறிவதற்கு யாருக்கும் கை கூசாது.

சீடன்: எப்படி ஒட்டுவது?

குரு: தாளுக்கு ஓட்டம் உண்டு, அதன் நார்கள் கிடக்கும் திசை. மெதுவாகக் கிழித்துப் பார், ஓட்டத்தோடு போனால் நேராகக் கிழியும், குறுக்கே போனால் கோணும். மடிப்பை ஓட்டத்தோடு போடு, இல்லையென்றால் கெட்டித் தாள் வெடிக்கும். ஒட்டும் துண்டின் ஓட்டமும் அடித்தாளின் ஓட்டமும் ஒரே பக்கம் இருக்கட்டும். மாறினால் பசை காயும்போது அட்டை வளைந்துவிடும். மைதாப் பசையை மெல்லிசாகத் தடவு. உள்ளே அவர் பெயரை எழுது, நீ அவரை என்ன முறை வைத்துக் கூப்பிட்டாயோ அதையும் எழுது. மேலே கனமான புத்தகம் இரண்டை வைத்து விடியும்வரை எடுக்காமல் இரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், தபாலுக்கு நாள் கணக்குப் பார்த்துக்கொள்.