யார் வீட்டுத் திண்ணை

மானிடவியலாளர் எம்.என். ஸ்ரீனிவாஸ் ‘ராம்புரா’ என்று பெயர் மாற்றி எழுதிய ஊரின் நிஜப் பெயர் கொடகஹள்ளி. மைசூருக்குப் பக்கத்துக் கிராமம். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு 1948-ல் அங்கே போய்த் தங்கினார். அவர் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த குறிப்புகளின் பிரதிகள் 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. பெரும்பாலும் ஞாபகத்தை நம்பி எழுதி, 1976-ல் ‘தி ரிமெம்பர்டு வில்லேஜ்’ நூலை வெளியிட்டார். மானிடவியல் வகுப்பில் இந்தத் தீயின் கதையைச் சொல்லாத ஆசிரியர் கிடையாது.

எனக்கென்னவோ அவர் தங்கிய இடம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஊர்த்தலைவர் தமக்குச் சொந்தமான மாட்டுக்கொட்டில் வீட்டில் அவருக்கு இடம் கொடுத்தார். தலைவர் நிலபுலம் உள்ள ஒக்கலிகர். விருந்தாளி தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பத்துப் பிள்ளை. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் எப்படி இருந்தார் என்பதில் ஊருக்கு அக்கறையில்லை. பிராமணர் என்றால் பிராமணராக நடந்துகொள்ள வேண்டும். குளித்த பிறகு சவரம் செய்ததைக்கூடக் குற்றமாகச் சொன்னார்கள். தலித் குடியிருப்புக்கு நினைத்தபோது போய் உட்கார அவரால் முடியவில்லை. தம் பார்வை மேல்சாதிகளின் பக்கம் சாய்ந்திருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். ‘ஆதிக்க சாதி’ என்ற கருத்தை உலகுக்குத் தந்தவர், அந்த சாதித் தலைவரின் நிழலில் இருந்துதான் அதைக் கண்டார்!

யார் வீட்டுத் திண்ணையில் உட்காருகிறோமோ அங்கிருந்து தெரிகிற ஊர்தான் நமக்கு ஊர். சொந்த வீட்டிலும் அதே கதைதான்.

மானிடவியல் படிப்பின் முதல் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்த வேலை, அவரவர் குடும்பத்து உறவுமுறையைப் படமாக வரைவது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி. அப்பாயி திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, கொண்டவன் கொடுத்தவன் எல்லாரையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தது. படம் நிறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்க்க வரும் பெரியம்மா எட்டிப் பார்த்து, “அந்த நடுப்பொண்ணு எங்க?” என்று கேட்டார். அப்பாவுக்கு இன்னொரு அத்தை இருந்திருக்கிறார். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போனவர். முன்வாசலில் யார் வாயிலும் வராத பெயர், கொல்லைப்பக்கம் அத்தனை வருஷமும் புழக்கத்தில் இருந்திருக்கிறது.

வகுப்புக்குக் கொடுத்த தாளில் அந்த வட்டத்தை வரைந்தேன். அப்பாயிக்குக் காட்டிய தாளில் வரையவில்லை. இரண்டில் எது நேர்மை? படிக்க வந்தவளுக்கு ஒரு பதில், பேத்திக்கு வேறொரு பதில். படிப்பு முடிந்தும் இரண்டு பேரும் என்னோடுதான் இருக்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிடும்போதே யார் யாருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை என்று ஒருத்தி எண்ணிக்கொண்டிருப்பாள். அவளை எழுந்து போகச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

ஸ்ரீனிவாஸ் ஊர்ப் பெயரை மறைத்தது கோழைத்தனம் என்று வகுப்பில் ஒருவர் வாதிட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. மறுபடி முகம் பார்க்க வேண்டியவர்களுக்காகத்தான் நாம் மறைக்கிறோம். கள ஆய்வு முடிந்ததென்று அவர் அந்த ஊரைக் கைகழுவிவிடவில்லை. 1952 கோடையில் மறுபடியும் அங்கே போய்த் தங்கினார்.