தொண்டரா, துணைவியா?

தலைவரின் மனைவி தெருவில் இறங்கிப் போராடினால், அந்தப் போராட்டம் யாருடையது? நாகம்மையாரின் வாழ்க்கையைப் படிப்பவர்களை இந்தக் கேள்வி எளிதில் விடாது.

1898-இல், பின்னாளில் பெரியார் என்று அழைக்கப்பட்ட ஈ.வெ. ராமசாமியை மணந்தபோது அவருக்கு வயது 13. கணவர் காங்கிரசில் சேர்ந்ததும் கதர் உடுத்தினார். 1921-இல் நாத்தனார் கண்ணம்மாளோடு ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் போனார். 1924-இல், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கும் உரிமைக்காக நடந்த வைக்கம் போராட்டத்தில் கணவர் சிறைப்பட, அவர் பெண்களோடு சேர்ந்து பிரசாரம் செய்தார். எல்லாம் கணவர் சொல்லித்தானே என்று இதைத் தள்ளிவிடுவோர் உண்டு. காந்தி சொன்னார் என்பதற்காகப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் விட்ட ஆண்களை நாம் தொண்டர்கள் என்கிறோம். அவர்களுக்குச் சொந்த புத்தி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு மனைவி அதையே செய்தால் மட்டும் பதிபக்தி ஆகிவிடுமா? 1931 இறுதியில் பெரியார் ஐரோப்பா போய் ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் திரும்பினார். சொல்வதற்குப் பக்கத்தில் கணவர் இல்லாத அந்த மாதங்களிலும் நாகம்மையார் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களை நடத்தி வைத்தார். அந்தத் தொண்டு அவருடையதுதான்.

ஆனால் சிக்கல் இதோடு தீரவில்லை. தொண்டனுக்குத் தலைவரைப் பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். மனைவிக்கு வீடே தலைவருடையது. நாகம்மையார் கணவர் பேச்சைக் கேட்டுத் தாலியைக் கழற்றினார் என்று பெரியாரின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அடிமைச் சின்னத்தைத் துறந்ததும் கணவர் சொல்லுக்காகத்தான் என்றால், அதை விடுதலை என்று கூசாமல் சொல்ல முடியுமா? மேடையில் பெண்ணுரிமை முழங்கிய பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தின் பந்தி, ஈரோட்டு வீட்டில் அந்த அம்மையார் கையால்தான் நடந்தது. வந்தவர்களுக்கெல்லாம் முகம் கோணாமல் உலை வைத்தார் என்று இன்றும் புகழ்கிறார்கள். முகம் கோணும் உரிமை அவருக்கு இருந்ததா என்று கேட்பவர்கள் குறைவு.

அதைக் கேட்டவர் பெரியார்தான். 1933 மே 11-இல் நாகம்மையார் மறைந்தார். அதையடுத்துத் தமது 'குடி அரசு' இதழில் எழுதிய இரங்கலுரையில், ஊருக்குச் சொன்னதில் நூற்றில் ஒரு பங்காவது மனைவியிடம் நடந்து காட்டியதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்கு முழு யோக்கியதை இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். தமக்கு அவர் துணையாக இருந்தாரே தவிர, அவருக்குத் தாம் துணையாக இருந்தோமா என்றும் ஐயுற்றார். அத்தனை பேர் படிக்கும் ஏட்டில் இப்படித் தம்மையே குற்றக்கூண்டில் ஏற்றிய தலைவர்கள் மிகக் குறைவு. அந்த நேர்மையை மதிக்கத்தான் வேண்டும்.

ஆயினும் அந்த வாக்குமூலம் கடனைத் தீர்த்துவிடவில்லை. அதைக் கேட்டு, ஏற்கவோ மறுக்கவோ உரிமை பெற்றிருந்த ஒரே ஆள் அப்போது உயிரோடு இல்லை.