ரங்கப்பிள்ளை வீதியும் ரிஷெலியு வீதியும்

புதுவையிலே வாழ்ந்த தமிழன் ஒருவன் தன் ஊரின் கதையைத் தன் மொழியிலே எழுதி வைத்தான். அதன் பழம்படியைக் காண அவன் ஊரான் எங்கே போக வேண்டும்? கடல் கடந்து, கண்டம் கடந்து, பாரிசு மாநகரின் ரிஷெலியு வீதிக்குப் போக வேண்டும்! வேடிக்கையென்று சிரிப்பதா, வேதனையென்று புலம்புவதா? இரண்டுக்கும் மனம் வராமல்தான் நாம் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் வாயிலில் நின்றோம்.

தூப்ளேயின் துபாசி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைத்தான் சொல்கிறோம். "அச்சு நூல் இருக்கிறதே, ஏட்டைத் தேடி ஏன் ஓடுகிறீர்கள்?" என்று தோழர்கள் கேட்டனர். அச்சிட்டவர் விட்டது எது, தொட்டது எது என்பது ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி விளங்குமா? பெரியோர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பாதே என்று மேடைதோறும் முழங்குகிற நாம், பதிப்பாளர் சொல்லை மட்டும் வேதவாக்காகக் கொள்ளலாமோ?

உள்ளே புகுமுன் கேள்விகள் கேட்டனர். எதை ஆராய்கிறீர்? இந்த ஏடு எதற்கு? விடை சொன்னோம், சீட்டுக் கிடைத்தது. பேனாவுக்கு இடமில்லை, பென்சில் மட்டுமே. என்ன குலம் என்று எவரும் கேட்கவில்லை. வேதம் கேட்ட காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன நாட்டிலிருந்து போனவர்களுக்கு அது சிறு செய்தியன்று. ஆனால் உடனே வெள்ளையனுக்கு வாழ்த்துப்பா பாடிவிட வேண்டாம்! வாசகசாலையில் சமத்துவம் காட்டும் அதே பிரான்சுதான் 1954 வரை புதுவையை அடிமை மண்ணாக வைத்திருந்தது.

பிள்ளை மறைந்தது 1761இல். அந்தக் குறிப்பேடுகளை அவர் வழியினர் வீட்டிலே கண்டெடுத்தவர் கலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1846. இடையிலே எண்பத்தைந்து ஆண்டுகள்! நம்மவர் என்ன செய்தனர்? ஏட்டுக்குச் சந்தனம் பூசினர், பூவைத்துக் கும்பிட்டனர், ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றிலே விட்டனர். படிப்பதொன்றைத் தவிர எல்லாம் செய்தனர். புதுவையில் அலுவலராயிருந்த ஆரியேல் எடுப்பித்த படிதான் பாரிசு சேர்ந்தது. வென்சோன் 1894இல் அதன் பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் 1904 தொடங்கி 1928க்குள் பன்னிரண்டு தொகுதிகள். தமிழன் எழுதிய தமிழ் தமிழில் அச்சேறத் தொடங்கியதோ 1948இல்!

அந்த ஏட்டில் என்னதான் இருக்கிறது? 1745 அக்டோபர்க் குறிப்பைப் பாருங்கள். புதுவை மாதாகோயிலுக்குள்ளே ஒரு சுவர்! ஒருபுறம் தாழ்த்தப்பட்ட கிறித்தவர். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் வெள்ளையரும். தாழ்த்தப்பட்டோர் திரண்டு முறையிட்டனர். பாதிரியார் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்தனர். எழுதிய பிள்ளை சீர்திருத்தக்காரரல்லர். சாதி வரிசையைப் போற்றியவர். அதனாலேயே அவர் சாட்சியம் நமக்கு அருமையாகிறது. தாழ்த்தப்பட்டோர் தாமே எழுந்து நியாயம் கேட்டதற்கு, அவர்பால் பரிவில்லாத கையே சான்று எழுதி வைத்திருக்கிறது! இதை நாம் படிக்காதிருந்தால் யாருக்கு இலாபம்?

சரி, ஏடு எவருக்கு உரியது? காத்தவனுக்கா? காவலுக்கு நன்றி சொல்லலாம், பட்டயம் எழுதித் தர இயலாது. எழுதியவனின் இனத்தாருக்கா? எண்பத்தைந்து ஆண்டு பிரித்துப் பாராதவர் இரத்த உறவைக் காட்டி வழக்காடினால் எந்த நீதிமன்றம் ஏற்கும்? படிக்க விழைபவனுக்கே உரியது என்கிறோம் நாம். அப்படியானால் முத்தியாலுப்பேட்டை மாணவனுக்கும் அதிலே பங்குண்டு. விமானக் கட்டணம் இல்லை என்பதால் அவன் பங்கு பறிபோகலாமா? பாரிசு ஏடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி, 1827 முதல் புதுவையில் இருந்துவரும் நூலகத்திலே, இன்று ரோமன் ரோலண்டு பெயர் தாங்கும் அந்த நூலகத்திலே, அவன் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். கேட்க வேண்டியவர் நாம். இதுவரை எத்தனை பேர் கேட்டோம்?

மாலையில் ஏட்டைத் திருப்பித் தந்தோம். நாம் ஒப்பிட்டு முடித்தது பதினேழு பக்கம்.